அங்கிட்டு

காளவாசல் சிக்னல் தாண்டி
மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி.
அங்கே என் பெயர் பிருந்தா.

மூன்று வயதுவரை எனக்குப் பேச்சு வரவில்லை.
படித்துறைப் பேச்சியம்மனுக்கு நேர்ந்துகொண்டு
அவள் பெயரையே எனக்கும் வைத்தார்கள்.
அப்புறம் வாய் மூடவேயில்லை என்பாள் அம்மா.
பேச்சி என்றால் வங்கி என்று
எவனும் நம்ப மாட்டான் என்றார் மேலாளர்.

பதினோரு நாள் பயிற்சி.
சென்னையிலிருந்து வந்த சுசரிதா மேடம்
நாக்கை மடித்துக் காட்டினார்: ழ.
வாழைப்பழம். கிழக்கு. காலம் தாழ்த்தாதீர்கள்.
'வந்தாய்ங்க' கூடாது, 'இம்புட்டு' கூடாது.
"எந்த ஊர்னே தெரியக் கூடாது,
தண்ணி மாதிரி இருக்கணும் தமிழ்."
எங்கள் ஊர்த் தண்ணீரை அவர் குடித்ததில்லை.
ஒரு மடக்கிலேயே
வாலாந்தூர் என்று சொல்லிவிடும் உப்பு.

செக்கானூரணி ஒச்சம்மாள்,
கறவை மாட்டுக் கடன், மூன்று தவணை பாக்கி.
"வணக்கம், நான் பிருந்தா பேசுகிறேன், தங்களுடைய..."
தங்களுடைய-வைத் தாண்டியதே இல்லை நான்.
வைத்துவிடுவாள்.
ஐந்தாம் முறை கன்றுக்குட்டி ஓயாமல் கத்தியது.
ஒன்றும் கேட்கவில்லை. வாய் தவறிவிட்டது:
"செத்த அங்கிட்டுப் போயிப் பேசுங்க ஆத்தா,
கண்டுக்குட்டி கத்துறது காதப் பொளக்குது."

கன்றும் சேர்ந்து வாய் மூடியதுபோல் ஓர் அமைதி.
"எந்தூருடி நீ?"
"வாலாந்தூரு."
"வாலாந்தூருல யாரு மக?"
சொன்னேன்.
"நெசப் பேரச் சொல்லு."
அதையும் சொன்னேன்.
"அடியே, இம்புட்டு நாளும் எவளோ மெட்ராஸ்காரின்னுல்ல
வஞ்சுக்கிட்டு இருந்தேன்! சாப்புட்டியா? என்ன வெஞ்சனம்?"
அவரைக்காய் என்றேன்.
வேலை நேரத்தில், பதிவாகும் இணைப்பில்,
அவரைக்காய் பற்றி நான்கு நிமிடம்.

மறுநாள் மூன்று தவணையும் கட்டியிருந்தாள்.
தோட்டை அடகு வைத்தாளாம்,
கிளையில் வசூல் பார்க்கும் தவசிக்கண்ணன் சொன்னார்.
என்னால அந்தப் புள்ளைக்குப்
பொல்லாப்பு வந்துறக் கூடாது என்றாளாம்.

அந்தப் பதிவை மேலாளர் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.
'வெஞ்சனம்' வந்த இடத்தில் கைதட்டினார்கள்.
எனக்கு ஐந்நூறு ரூபாய் ஊக்கத்தொகை.
அடுத்த வாரம் லேமினேட் செய்த ஒரு தாள் வந்தது.
ஐம்பது வயதுக்கு மேல் 'ஆத்தா', கீழே 'மதினி'.
முதல் நிமிடத்துக்குள் ஒரு 'அங்கிட்டு'.
'சாப்புட்டீங்களா' கட்டாயம்.
கோவை மேசைக்கு 'ஏனுங்க', நெல்லைக்கு 'அண்ணாச்சி'.
சுசரிதா மேடம் திரும்ப வந்து
என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து
வந்தாய்ங்க, போனாய்ங்க
பழகிக்கொண்டிருக்கிறார்.
"ய்-க்கு அப்புறம் மூக்கால போகணுமா, பேச்சி?"
அந்த மாடியில் முதன்முதலாக என் பெயர்.

ராத்திரி தங்கச்சி போனில்
"சாப்புட்டியாக்கா?" என்றாள்.
அவளுக்கு நான் எவ்வளவு தரவேண்டும் என்று
ஒரு நொடி யோசித்துவிட்டேன்.

கார்த்திகைத் தவணை. மறுபடி ஒச்சம்மாள் பாக்கி.
மாடு வத்திப்போச்சு என்று தவசிக்கண்ணன் குறித்திருந்தார்.
அடகு வைக்க இனி என்ன இருக்கும் அந்த வீட்டில்.
தாள் கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கிறது.
தொண்டையைச் செருமி, நாக்கை மடித்து,
கையிருப்பு ழகரம் அத்தனையும் எடுத்துவைத்து:
"வணக்கம். நான் பிருந்தா பேசுகிறேன்.
தங்களுடைய நிலுவைத் தொகையைக் காலம் தாழ்த்தாமல்..."

மூச்சு மட்டும் கேட்டது. கன்று இல்லை.
"பேச்சியாடி?"
"இல்லைங்க. பிருந்தா."

அப்புறம் ஆரம்பித்தாள்.
என் ஆபீசில் இடி விழ, என் வாயில் மண் விழ,
நான் தொட்டது துலங்காமல் போக,
அங்கிட்டும் இங்கிட்டும் இம்புட்டும் அம்புட்டுமாய்,
ஒரு சொல்லும் தாளிலிருந்து இல்லை.
ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

போன வச்சுறாத ஆத்தா.
இன்னங் கொஞ்சம் வையி.